தாயின் ஒரு துளி இரத்தம்

2025 ஜூலையில் சம்பூர்க் கடற்கரையோரம் கண்ணிவெடி அகற்றியோர் மனித எலும்புகளைக் கண்டனர். மூதூர் நீதிமன்றம் தலையிட, வேலை நின்றது. அவை எவருடையவை என்று நீதிமன்றத்தை முந்திக்கொண்டு நாம் தீர்ப்புக் கூறோம். ஆயின் எலும்பு தானாகப் பேசாது. பல்லிலும் தொடையெலும்பிலும் மரபணு நெடுங்காலம் தங்கக்கூடும். அதனோடு ஒப்புநோக்கப் பெற்றோர் அல்லது உடன்பிறந்தாரின் மாதிரி வேண்டும். திருகோணமலைத் தெருக்களிற் பிள்ளைகளின் படங்களை ஏந்தி நின்ற தாய்மாரோ முதுமையடைந்துவிட்டனர். விடை காணாமலே மறைந்தோரும் உளர். எலும்பு காத்திருக்கும், தாய் காத்திருப்பாளா?

வழி அரிதன்று. தாளில் உலர்த்திய ஒரு துளி இரத்தம், ஈரம் படாதிருப்பின், ஆண்டுக்கணக்கிற் பயன்தரும். விதைநெல்லை ஈரத்தோடு கட்டிவைக்கும் கமக்காரன் உண்டா? அதே விதிதான் இதற்கும். தென் அமெரிக்காவில், ஆர்ஜென்டீனா நாடு 1987இற் சட்டமியற்றி, பறிகொடுத்த பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமாரின் இரத்தத்தைத் தேசிய மரபணு வங்கியிற் காத்தது. பாட்டி இறந்தபின்னும் பேரப்பிள்ளை அடையாளங் காணப்பட்டதுண்டு.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிறந்த காணாமற்போனோர் அலுவலகம், இம்மாவட்டத்து முதியோரின் மாதிரிகளை அவர்தம் சம்மதத்தோடு இப்பொழுதே எடுக்கவேண்டும். முத்திரையிட்ட இரு பங்குகளில் ஒன்று நீதிமன்றக் காவலில் இருத்தல்வேண்டும். படையினர் கைக்கோ வேறெந்த விசாரணைக்கோ அது செல்லலாகாது. சட்டத்தரணிகள் மனுவை வரையட்டும். கமக்காரர் தத்தம் ஊர் முதியோரின் பெயர்களைத் திரட்டித் தரட்டும்.