என் உயிர், யார் பொறுப்பு?

“என் உயிர், என் பொறுப்பு. எவனையும் கூப்பிட மாட்டேன்.” பௌர்ணமி ராத்திரி பர்வதமலை ஏறக் கிளம்பும் ஆரணிப் பையன்களின் பேச்சு இது. தறியில் உட்கார்ந்திருக்கும் அப்பன்கள் வாய் திறப்பதில்லை. அவர்களும் இளவட்டத்தில் அதே கடப்பாறைப் படியில் சங்கிலியைப் பிடித்துத் தொங்கியவர்கள்தானே. நானும்தான். ஆனாலும் சொல்கிறேன், இது பொய்.

நீ கூப்பிட மாட்டாய், சரி. விடிந்தும் நீ வரவில்லையென்றால் உன் அம்மா கூப்பிடுவாள். யாரோ ஒருவன் மலையேறித்தான் ஆக வேண்டும்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத் தீ மலையேறிகளைச் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன, உண்மை. அதற்கு முன்பே பக்கத்து ஊர்க்காரர்கள் புகைக்குள் போய், வெந்த உடம்புகளைப் போர்வையில் கட்டித் தூக்கத் தொடங்கியிருந்தார்கள். வெள்ளியங்கிரியில் மூச்சடைத்து விழுகிறவர்களைக் கீழே கொண்டுவருவதும் டோலி தூக்கும் தோள்கள்தான். அந்தத் தோளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘உள்ளூர் மக்கள்’. அவ்வளவுதான் மரியாதை.

2022 பிப்ரவரியில் மலம்புழா அருகே குறும்பாச்சி மலையில் ஓர் இளைஞன் பாறை இடுக்கில் 2 நாள் மாட்டிக்கொண்டான். ராணுவத்தினர் கயிறு கட்டி இறங்கி மீட்டார்கள். உடனே ஒரு கூச்சல்: “செலவ அவன்கிட்டயே வாங்கணும், கேஸ் போடணும்!” நான் அந்தக் கட்சியும் இல்லை. பில்லுக்குப் பயந்தால் கால் முறிந்தவன் கூப்பிடத் தயங்குவான். பகலில் முடிய வேண்டிய தேடல் இருட்டில் தொடங்கும். தேடப் போகிறவனுக்கும் அது ஆபத்து.

நம் அரசுக்குத் தெரிந்த முதல் மருந்து தடை. குரங்கணிக்குப் பிறகு அதுதான் நடந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு, பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகள் என்று ஒரு திட்டம் வந்தது. நல்லது. ஆனால் பதிவு செய்து போகிறவனுக்கு வழிகாட்டி இருக்கிறார். பதிவு செய்யாமல் போய் விழுந்தவனைத் தேடப் போகிறவருக்கு என்ன இருக்கிறது? கயிறு, ஸ்ட்ரெச்சர், வாக்கிடாக்கி, அன்றைய கூலி, அவருக்கே ஒன்று ஆனால் குடும்பத்துக்குக் காப்பீடு. மலையடிவார ஊர்கள்தோறும் இதைச் செய்துவிட்டு அப்புறம் தடையைப் பற்றிப் பேசட்டும்.

தனியாகப் போகிற சுகத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அடுத்த பௌர்ணமிக்குப் போகிறவன், தென்மாதிமங்கலத்தில் டீ குடிக்கும்போது பேரையும், எந்த வழியாக ஏறுகிறான், எப்போது இறங்குவான் என்பதையும் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஏறட்டும். “இன்னாத்துக்குப்பா?” என்பார். சொல்லிவிட்டுத்தான் போகணும்.