பழுதென்று சொல்லி விற்றவர்

1995ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே பியெர் ஒமிடியார் என்னும் இளைஞர் இணையத்தளம் ஒன்றை அமைத்தார். எவரும் தம் பொருளை அங்கே ஏலத்துக்கு விடலாம். எவரும் விலை கேட்கலாம். பின்னாளில் ஈபே என்று உலகறிந்த தளம் அதுவே. அதில் முதன்முதலாக விலைபோன சாமான் யாதென்று நினைக்கிறீர்கள்? பழுதாய்ப்போன லேசர் ஒளிக்கோல் ஒன்று! விலை 14 டொலர் 83 சதம். வாங்கியவர் விளங்காமல் வாங்கிவிட்டாரோ என்று ஐயுற்ற ஒமிடியார், அது பழுதென்பது தெரியுமோ என்று எழுதிக் கேட்டாராம். பழுதான ஒளிக்கோல்களைச் சேர்ப்பதே தம் பொழுதுபோக்கு என்று பதில் வந்ததாம்.

சென்ற வாரம் இக்கதை என் நினைவுக்கு வந்தது. என் தகப்பனார் அரும்பாடுபட்டுச் சேர்த்த இலங்கைத் தபால் முத்திரைகளுள் ஒன்றை, ரொறன்ரோவில் வசிக்கும் என் மருமகன் இணைய ஏலமொன்றில் விற்க முற்பட்டான். மூன்று முறை ஏலம் விட்டும் கேட்பாரில்லை. "மாமா, அம்மப்பாவின் முத்திரையை மதிக்க ஓர் ஆளில்லை" என்று மனம் நொந்து எழுதியிருந்தான். அவன் இட்ட விளம்பரத்தைப் பார்த்தேன். ஆளில்லாமற் போகவில்லை, வந்தவர்களை அவனே வாசலில் நின்று விரட்டியிருந்தான்.

"அடடா! பாருங்கள்! மிக மிக அரியது!" என்பது தலைப்பு. இணையத்தில் வாங்குவோர் கடைத்தெருவில் உலாவுவோர் போன்றவரல்லர். வேண்டிய பொருளின் பெயரை எழுதித் தேடுபவர். "அடடா" என்று தேடுவார் எவரேனும் உளரோ? 2007ஆம் ஆண்டில் ஈபேயிலே ஒருவர், 1852ஆம் ஆண்டின் வடதுருவப் பயணத்துக்கென வடிக்கப்பட்ட ஆல்சொப் பியர்ப் போத்தலொன்றை விற்றார். பெயரில் ஆங்கில எழுத்தொன்று குறைந்துவிட்டது. போத்தல் 304 டொலருக்கே போயிற்று. வாங்கியவர் பெயரைத் திருத்தி, வரலாற்றையும் விரித்தெழுதி மீண்டும் ஏலத்தில் விட, கேள்வி ஐந்து இலட்சம் டொலரைத் தாண்டியது. (அந்தக் கடைசிக் கேள்வி வெறும் விளையாட்டென்று பின்னர் தெரிந்தது வேறு கதை.)

மருமகனின் பெரிய தவறு தலைப்பிலன்று. அம்முத்திரை 1859ஆம் ஆண்டின் ஒன்பது பென்ஸ் முத்திரை, எண்கோண வடிவானது, கிழிப்பதற்கான துளைகள் இல்லாமல் அச்சானது. அக்காலத்தில் பலர் கத்தரிக்கோலால் எண்கோணக் கோட்டை ஒட்டியே வெட்டிவிட்டனர். நாற்புறமும் வெள்ளை ஓரம் உள்ளதற்குத்தான் மதிப்பு. மூலை வெட்டுண்டதற்கு விலை மிகக் குறைவு. எங்கள் முத்திரையில் ஒரு மூலை இல்லை. இவனோ அதை ஒரு சொல்லாலும் குறிக்காமல், இரவில் விளக்கொளியில் பிடித்த மங்கலான படத்தில் அம்மூலையை நிழலுக்குள் ஒளித்திருந்தான். நேரில் நடக்கும் ஏலத்தில் பொருளைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்க்கலாம். இங்கே படமும் எழுத்துமே பொருள். முத்திரை சேர்ப்போர் நிழலைக் கண்டால் நிழலுக்குள் என்ன இருக்கிறதென்று ஊகிக்கத் தெரிந்தவர்கள். ஒருவர் மட்டும் மூலை முழுதாக உள்ளதா என்று வினவியிருக்கிறார். நான்கு நாளாக அவருக்குப் பதிலில்லை!

தொடக்க விலை ஒரு டொலர். தபாற் செலவு இருபது டொலராம்! ஒரு கடித உறைக்கு இருபது டொலர் ஆகாதென்பது சிறுவருக்கும் தெரியும். முன்னர் விற்பனை விலைக்கு மட்டுமே தரகு அறவிடப்பட்டதால், விலையைக் குறைத்துத் தபாற் செலவைக் கூட்டும் தந்திரம் பலரிடம் இருந்தது. 2011ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் ஈபே தபாற் செலவுக்கும் தரகு அறவிடத் தொடங்கியது. போதாக்குறைக்கு, "திருப்பி எடுக்கமாட்டேன், பணமில்லாதவர் வரவேண்டாம்" என்று சிவப்பெழுத்தில் எச்சரிக்கை வேறு. இவற்றையெல்லாம் எழுதினேன்.

"அப்படியானால் நண்பனொருவனைக் கொண்டு விலையை ஏற்றிவிடட்டுமா, மாமா?" என்று பதில் வந்தது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. 2000ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவில் ஒருவர், புகழ்பெற்ற ஓவியரின் கைவண்ணம்போல் தோன்றும்படி ஓர் ஓவியத்தை ஈபேயில் ஏலம் விட்டார். கேள்வி 1,35,000 டொலருக்கு மேல் சென்றது. விற்றவரே வேறொரு பெயரில் விலை கேட்டிருந்தது வெளியானதும் விற்பனை இரத்தாயிற்று, வழக்கும் வந்தது. அவர் ஒரு சட்டத்தரணி என்பதைக் குறிப்பாக எழுதி அனுப்பினேன்.

நேற்று மருமகனிடமிருந்து புதிய படம் வந்தது. பகல் வெளிச்சத்தில் பிடித்திருக்கிறான். வெட்டுண்ட மூலை நன்றாகத் தெரிகிறது. விளக்கத்தின் முதல் வரியும் அதைப் பற்றியதே. தபாற் செலவு மூன்று டொலர். ஏலம் புதன்கிழமை முடிகிறது.