தொடங்கியதை முடிப்போம்

எங்கள் தையற்பெட்டிகளைத் திறந்து பார்த்தால் எங்களுக்கே வெட்கமாயிருக்கிறது. ஓரம் மடிக்காத கைக்குட்டை, ஒரே இதழோடு நின்றுபோன ரோஜாப்பூத் தலையணை உறை, பாதி இணைத்த ஒட்டுத்துணிப் போர்வை! மதிப்பெண் கிடைத்தவுடன் ஊசியை வைத்துவிட்டோம். ஜூன் மாதம் வந்ததும் புதுத்துணிக்கும் நூலுக்கும் பெற்றோரிடம் கை நீட்டுகிறோம். இது முறைதானா?

கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் பழைய துணித் துண்டுகளைக் கொண்டு 'கவந்தி' என்னும் போர்வை தைக்கின்றனர். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைப்பார்கள். நான்கு மூலைகளிலும் சிறு துணிப் பூக்களை வைத்த பிறகே அது முழுமை பெற்றதாகக் கருதுவார்கள். அங்கே மதிப்பெண் இடுவோர் இல்லை. போர்த்திக்கொள்ளக் குழந்தை இருக்கிறது!

புதியது கற்க வேண்டாமா என்று தோழியர் கேட்கலாம். வேண்டும்தான். ஆனால், ஓரம் மடித்து முடிப்பதும் ஒரு பாடமன்றோ?

ஆகவே, வரும் ஆண்டின் முதல் மாதம் புதுத்துணி வாங்காதிருப்போம். பாதியில் நிற்பவற்றுள் ஒன்றையேனும் முடிப்போம். முடிக்க இயலாததைப் பிரித்து, அத்துணியை வேறொன்றுக்குப் பயன்படுத்துவோம். அதன்பின் ஒரே ஒரு புதிய இலக்கு: வீட்டில் ஒருவர் உண்மையிலேயே உடுத்தும் அல்லது போர்த்தும் பொருள். தையல் சற்றுக் கோணினால் என்ன? தம்பி அதைப் போர்த்திக்கொண்டு தூங்கும்போது எவர் எண்ணிப் பார்க்கப்போகிறார்?