பெயின்ட் அடிச்சா சாகணுமா?

மக்களே, இந்தப் பதிவு கொஞ்சம் காரமா இருக்கும். மொக்கை, கும்மி எல்லாம் எதிர்பார்த்து வந்தவங்க அப்படியே அடுத்த பதிவுக்குப் போயிடலாம், கோச்சுக்க மாட்டேன். ரொம்ப நாளா மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டு இருந்த விஷயம். இன்னைக்குக் கொட்டிடுறேன்.

தெற்கு லண்டன்ல பிரிக்ஸ்டனுக்குப் பக்கத்துல லஃப்பரோ ஜங்ஷன்னு ஒரு ஸ்டேஷன் இருக்கு. அந்தப் பக்கம் தண்டவாளம் தரையில ஓடாது, தெருவுக்கு மேல உயரத்துல ஓடும். 2018 ஜூன் 18, திங்கட்கிழமை காலை ஏழரை மணி வாக்குல அங்க மூணு பேர் செத்துக் கிடந்ததைக் கண்டுபிடிச்சாங்க. ரெண்டு பேருக்கு வயசு 23, ஒருத்தனுக்கு 19. பக்கத்துல ஸ்ப்ரே பெயின்ட் டப்பாக்கள். ராத்திரி இருட்டுல கிராஃபிட்டி வரையப் போன பசங்க. ரயில் அடிச்சிருக்கு. பல மணி நேரம் அப்படியே கிடந்திருக்காங்க.

கிராஃபிட்டின்னா தெரியாதவங்களுக்கு: தனக்குத்தானே ஒரு புனைபெயர் வச்சுக்கிட்டு அதைச் சுவர், பாலம், ரயில் பெட்டின்னு கிடைச்ச இடத்துல எல்லாம் பெரிசா எழுதுறது. போக முடியாத இடத்துல எழுதினா அவங்க வட்டாரத்துல மதிப்பு ஜாஸ்தி. நம்ம ஊர்ல தேர்தலுக்குச் சுவர் பிடிக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க. கட்சிக்குப் பதிலா சொந்தப் பேரு, அவ்வளவுதான்.

செத்தது ஒரு சோகம்னா, அதுக்கப்புறம் ஜனங்க பேசினது இன்னொரு சோகம். அனுதாபப்பட்டவங்க நிறைய பேர் இருந்தாங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா “வேணும், நல்லா வேணும்” கோஷ்டியும் சின்னது இல்லை. லண்டன் போக்குவரத்து அமைப்போட நிர்வாகக் குழுவுல இருந்த ஒரு பெரிய மனுஷரே அந்தப் பசங்களைக் கழிசடைங்கன்னு சொல்ற அர்த்தத்துல பேசினார். ரயில்வேக்குச் செலவு வைக்கிறவங்களாம், அனுதாபமே கிடையாதாம். மேயர் சாதிக் கான் தரப்பே அதைக் கண்டிக்க வேண்டி வந்தது.

அவர் பாவம், மாட்டிக்கிட்டார். மாட்டாம அதையே சொன்னவங்கதான் ஜாஸ்தி. எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன், தங்கமான மனுஷன், யாருக்கு உடம்பு சரியில்லைன்னாலும் சாப்பாடு கட்டிக்கிட்டு ஓடுவார். அவரும் ஒரு தடவை இந்தப் பேச்சு வந்தப்போ சொன்னார்:

“என்னப்பா பெரிய பாவம்? நம்ம வரிப்பணம். நாசம் பண்ணப் போனானுங்க, போய்ச் சேர்ந்தானுங்க.”

“அண்ணே, 19 வயசுண்ணே.”

“அதுக்கு? தெரிஞ்சுதானே போனான்?”

இந்தப் பதிவு அந்த அண்ணன் மாதிரி நல்லவங்களுக்குத்தான். கெட்டவங்களைத் திருத்துற வேலை நமக்கு எதுக்கு.

முதல்ல ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடுறேன், இல்லேன்னா பின்னூட்டத்துல கும்மிடுவீங்க. அவங்க பண்ணினது தப்பு. தண்டவாளத்துல அனுமதியில்லாம நடக்கிறது குற்றம். அடுத்தவன் சொத்துல பெயின்ட் அடிக்கிறதும் குற்றம். இதுல எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. நான் கேக்கிறது வேற: அந்தக் குற்றத்துக்கு விலை என்ன?

இங்கிலாந்துச் சட்டத்தைக் கேட்டா அது பதில் சொல்லும். தண்டவாளத்துல அத்துமீறினா 1,000 பவுண்டு வரைக்கும் அபராதம். சொத்தைச் சேதப்படுத்தினா, 1971-ல வந்த சட்டப்படி, சேதம் பெரிசா இருந்தா அதிகபட்சம் பத்து வருஷம் ஜெயில். அவ்வளவுதான். கொலைக்கே தூக்கு கிடையாது அங்க. 1965-ல நிறுத்தி வச்சாங்க, 1969-ல நிரந்தரமா எடுத்துட்டாங்க. ஆக, ஒருத்தனைக் கொன்னவனுக்கு உயிர் உண்டு, ரயில் சுவத்துல பேர் எழுதினவன் செத்தா “சரியான தண்டனை”. இது எந்த ஊர் நியாயம் சாமி?

“நாங்க யாரும் தண்டனை குடுக்கலையே, ரயில்தானே அடிச்சது”ன்னு நைஸா நழுவுவாங்க. ரயிலுக்கு நியாயம் தெரியாது, அநியாயம் தெரியாது. ராத்திரி டூட்டிக்கு வந்த ரயில்வே தொழிலாளி ஒரு அடி தவறி வச்சாலும் அதே வேகத்துலதான் அடிக்கும். தெற்கு லண்டன் பக்கம் மூணாவது தண்டவாளத்துல 750 வோல்ட் மின்சாரம் ஓடுது. மிதிக்கிறவன் திருடனா, வழி தவறின குடிகாரனா, பந்து எடுக்கப் போன குழந்தையான்னு அது விசாரிக்காது. அந்த விபத்தை “தண்டனை”ன்னு பேர் மாத்துறது ரயில் இல்லை, நாமதான்.

பந்து எடுக்கப் போன குழந்தைன்னு சும்மா சொல்லல. 1965-ல அதே தெற்கு லண்டன்ல, மிட்சம் பக்கம், ஆறு வயசுப் பையன் ஒருத்தன் விளையாடுற புல்வெளியிலேர்ந்து ரயில் பாதைக்குள்ள போயிட்டான். நடுவுல வேலி இருந்தது, ஆனா சாய்ஞ்சு கிடந்தது. ஜனங்க அது வழியாக் குறுக்கால போறது வழக்கம். அந்தப் பாதையில குழந்தைங்க நடமாட்டம் இருக்குன்னு ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஏற்கெனவே தகவலும் வந்திருந்தது. பையன் மின்சாரத் தண்டவாளத்தைத் தொட்டுப் பயங்கரமா கருகிட்டான்.

ரயில்வே என்ன வாதம் பண்ணுச்சு தெரியுமா? அவன் அத்துமீறி நுழைஞ்சவன், எங்களுக்குப் பொறுப்பில்லை. சட்டமும் அப்போ ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. வேணும்னே தீங்கு பண்ணாத வரைக்கும், அத்துமீறி வந்தவன் எக்கேடு கெட்டாலும் நிலத்துக்காரனுக்குக் கவலையில்லைன்னு 1929-ல ஒரு தீர்ப்பு. ஹெரிங்டன் வழக்குன்னு சொல்வாங்க, இது பிரபுக்கள் சபை வரைக்கும் போச்சு. 1972-ல அந்த நீதிபதிகள் பழைய தீர்ப்பை ஓரங்கட்டிட்டாங்க. அத்துமீறி வந்தவனும் மனுஷன், அவன் வரக்கூடும்னு தெரிஞ்சா, ஆபத்தும் தெரிஞ்சா, சாதாரண மனிதாபிமானம் எதைச் செய்யச் சொல்லுதோ அதையாவது செய்னு சொன்னாங்க. 1984-ல அதுக்குத் தனியா ஒரு சட்டமே வந்தது.

“அது குழந்தை, இவனுங்க தடிமாடுங்க”ன்னு நீங்க ஆரம்பிக்கிறது கேக்குது. நியாயமான பாயிண்ட். அந்த 1984 சட்டமும் தெரிஞ்சே ஆபத்தை ஏத்துக்கிட்டவனுக்குப் பொறுப்பேத்துக்கச் சொல்லலை. அந்த மூணு பேர் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு குடுக்கணும்னு நானும் சொல்லலை. நஷ்ட ஈடு வேற, நாலு நல்ல வார்த்தை வேற. காசு குடுக்க வேண்டாம்னா, காறித் துப்பணும்னு அர்த்தமா?

இன்னும் கொஞ்சம் பின்னால போனா, சொத்தைச் சேதப்படுத்தினவனை நிஜமாவே தூக்குல போட்ட காலம் இங்கிலாந்துல இருந்தது. 1723-ல ஒரு சட்டம், அடுத்தவன் தோட்டத்து மரத்தை வெட்டினாக்கூட தூக்குன்னுச்சு. 1812-ல நெசவுத் தறி மெஷினை உடைச்சா தூக்குன்னு இன்னொரு சட்டம். அதை எதிர்த்துதான் கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில தன்னோட முதல் பேச்சைப் பேசினார். கேக்கலை, சட்டம் நிறைவேறிடுச்சு. இன்னைக்கு அதை யார் படிச்சாலும், ஒரு மெஷினுக்கு மனுஷ உயிரான்னு மூஞ்சியைச் சுளிக்கிறோம். அடுத்த நிமிஷம் பெயின்ட் அடிச்சவன் செத்தா “வேணும்”ங்கிறோம். பார்லிமென்ட் இருநூறு வருஷமாப் பாடுபட்டு விட்டொழிச்சதை நாம டீக்கடை பெஞ்சுல உக்காந்து திரும்பக் கொண்டு வர்றோம்.

சரி, “காசு” வாதத்துக்கு வருவோம். சுத்தம் பண்ணச் செலவாகுது, வாஸ்தவம். செத்தா அந்தச் செலவு குறையுதா? நியூயார்க் கதை இதுக்கு நல்ல உதாரணம். 1970கள்ல அங்க சுரங்க ரயில் பெட்டி பூரா கிராஃபிட்டி. யார்டுல வேலி போட்டு நாயை விட்டாங்க. நாய் எதுக்கு, ஓநாயை விடலாம்னு மேயர் எட் கோச் பேசினார். கடைசியில எது வேலை செஞ்சுது? 1984-ல புது வழி ஒண்ணு ஆரம்பிச்சாங்க. சுத்தம் பண்ணின பெட்டியில யாராவது வரைஞ்சா, அதைத் துடைக்காம ஓட்டுறதில்லை. எழுதினவன் தன் பேர் ஊர் சுத்துறதைப் பார்க்கவே முடியாது. 1989 மே மாசம் கடைசிப் பெட்டியும் சுத்தமாச்சு. ஓநாயால ஆகாததைத் துடைப்பம் பண்ணிக் காட்டுச்சு.

ரயில்வே செம்புக் கம்பித் திருட்டும் இப்படித்தான். அதுலயும் ஷாக் அடிச்சுச் செத்தவங்க உண்டு, அப்பவும் இதே “வேணும்” உண்டு. செத்தவனைப் பார்த்து அடுத்தவன் நிறுத்தலை. பழைய இரும்புக் கடையில ரொக்கமாக் காசு குடுக்கக் கூடாதுன்னு 2012 கடைசியில தடை போட்டு, 2013-ல கடைக்காரங்களுக்குத் தனிச் சட்டமும் வந்தப்புறம் திருட்டு நல்லாவே குறைஞ்சுது. செம்பு விலை இறங்கினதும் ஒரு காரணம். சாவு அந்த லிஸ்டுலயே இல்லை.

அடுத்தது டிரைவர். இந்த வாதத்துக்கு நான் தலை வணங்குறேன். கண்ணு முன்னால மனுஷன், பிரேக் போட்டாலும் வண்டி நிக்காது, அந்த டிரைவர் வாழ்க்கை பூரா அதைச் சுமக்கணும். உடம்புங்களைப் பொறுக்கி எடுக்கிற ஊழியருக்கும் அப்படித்தான். ஆனா ஒண்ணு கேக்கிறேன். “கழிசடைங்க செத்தது நல்லது”ன்னு நீங்க சொல்றதால டிரைவர் மனசு லேசாகுதா? அவர் கையால ஒரு உயிர் போயிருக்கு. அந்த உயிருக்கு மதிப்பே இல்லைன்னா அவர் எதுக்குத் தூக்கம் வராம கஷ்டப்படணும்? டிரைவர் மேல நிஜமா அக்கறை இருந்தா, யாரும் உள்ள நுழையாதபடி வேலியைச் சரி பண்ணுன்னு ரயில்வேயைக் கேளுங்க. அவர் துக்கத்தை உங்க வன்மத்துக்குக் குடையாப் பிடிக்காதீங்க.

கடைசியா ஒரு கூத்து. 2020 ஜூலையில பேங்க்ஸி, அதாங்க உலகப் புகழ் கிராஃபிட்டிக்காரர், லண்டன் பாதாள ரயில் பெட்டிக்குள்ள முகக்கவச எலி ஓவியம் வரைஞ்சார். அனுமதி வாங்காமத்தான். ரயில்வே விதிப்படி அதைத் துடைச்சுட்டாங்க. துடைச்சுட்டு என்ன சொன்னாங்க? பொருத்தமான இடம் தர்றோம், பயணிகளுக்காகத் திரும்ப வரைங்கன்னு அழைப்பு! 2010-ல பிரதமர் டேவிட் கேமரூன், அதிபர் ஒபாமாவுக்குக் குடுத்த பரிசு பென் ஐன் வரைஞ்ச ஓவியம். அந்த மனுஷன் வாலிபத்துல சுவத்துல எழுதி போலீஸ்ல மாட்டினவர்தான். அதாவது பிழைச்சுக் கிடந்து பேர் வாங்கினா கலைஞன், வெள்ளை மாளிகை வரைக்கும் போகலாம். பேர் வாங்குறதுக்கு முன்னால ரயில் அடிச்சுட்டா கழிசடை. ரெண்டு பேரும் பண்ணினது ஒரே வேலை. நடுவுல இருக்கிறது அதிர்ஷ்டமும் வயசும்.

அந்த வயசைத்தான் நான் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறேன். 19, 23. அந்த வயசுல நாம எல்லாரும் புத்தர்களா இருந்தோமா? ஓடுற பஸ்ஸுல புட்போர்டு அடிச்சதில்லையா? ஹெல்மெட் இல்லாம மூணு பேர் ஒரே வண்டியில போனதில்லையா? அது சொத்துச் சேதம் இல்லைன்னு சொல்வீங்க, ஒத்துக்கிறேன். ஆனா “தெரிஞ்சுதானே போனான்”ங்கிற வாதம் அதுக்கும் அப்படியே பொருந்தும். புட்போர்டுலேர்ந்து விழுந்து செத்த பிள்ளையோட அம்மாகிட்ட போய் அதைச் சொல்வீங்களா? வாய் வருமா?

நான் கேக்கிறது ரொம்பச் சின்ன விஷயம். சிலை வைக்க வேண்டாம், தியாகின்னு சொல்ல வேண்டாம். தப்பைத் தப்புன்னே சொல்லுங்க. சாவைச் சாவுன்னு சொல்லுங்க. ரெண்டையும் கூட்டிக் கழிச்சுக் கணக்கு நேராயிடுச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க. அந்தக் கணக்கை எழுதுற பேனா நம்ம யார் கையிலயும் இல்லை.

டிஸ்கி 1: எதிர்ப்பதிவு போடுறவங்க தாராளமாப் போடலாம், நானே வந்து படிக்கிறேன். “உன் வீட்டுச் சுவத்துல வரைஞ்சா தெரியும்”னு ஆரம்பிக்கப் போறீங்கன்னா பதிலை இப்பவே எழுதிடுறேன்: கோபம் வரும், போலீசுக்குப் போன் பண்ணுவேன், அப்புறம் வெள்ளையடிப்பேன்.

டிஸ்கி 2: என்னைத் திட்டணும்னா திட்டுங்க. செத்தவங்களைத் திட்டுற பின்னூட்டம் வெளியாகாது.