ரேகை வைத்தால் ரேஷன் திருட்டு ஒழியுமா?

அரசு நிர்வாகத்தை நவீனமாக்குவது பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ரேஷன் கடைக்கு வந்து சேர்ந்துவிடும். கைரேகைக் கருவி வந்தது, போலி அட்டைகள் ஒழிந்தன, கசிவு அடைபட்டது, கோடிக்கணக்கில் பணம் மிச்சமானது என்பது அரசுத் தரப்பு பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு. ஜார்க்கண்டில் நடந்ததை வைத்து அதை வரிவரியாகச் சரிபார்த்தால் பாதிகூடத் தேறாது.

முதலில், திருட்டு நடக்கும் விதம். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பங்களில் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 25 கிலோ. குடும்பத் தலைவி வருகிறார், விரலை வைக்கிறார், பச்சை விளக்கு எரிகிறது, 25 கிலோவுக்குப் பில் விழுகிறது. கடைக்காரர் பையில் கொட்டுவதோ அதைவிடக் குறைவு. கேட்டால், மேலேயிருந்து வந்ததே குறைவு என்பார். இந்தத் திருட்டில் போலி ஆளே கிடையாது. வந்திருப்பது யார் என்பதைத்தான் கருவி பார்க்கிறது; பையில் எவ்வளவு விழுந்தது என்பது அதற்குத் தெரியாது.

கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளியலாளர்கள் ஜார்க்கண்டில் இதைப் பெரிய அளவில் ஆராய்ந்து 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ரேகைச் சரிபார்ப்பு மட்டும் நடந்த கட்டத்தில் கசிவு குறையவில்லை. மக்கள் ரேஷன் வாங்கப் படும் அலைச்சலும் செலவும் 17 சதவீதம் கூடின. அட்டையுடன் ஆதாரை இணைக்காதிருந்த குடும்பங்களுக்குக் கிடைத்தது சராசரியாக 10 சதவீதம் குறைந்தது. பிறகு, கருவியில் பதிவான இருப்பைக் கழித்துக்கொண்டு கடைகளுக்கான ஒதுக்கீட்டை அரசு வெட்டியபோது கசிவு குறைந்தது உண்மை. ஆனால் அந்த மாதங்களில் மக்கள் கைக்கு வந்த தானியமும் சேர்ந்தே குறைந்தது.

அடுத்தது போலி அட்டைகளும் மிச்சமான பணமும். 2017இல் ஜார்க்கண்ட் அரசு 11 லட்சத்துக்கும் மேற்பட்ட போலி அட்டைகளை நீக்கியதாகச் சொன்னது. நீக்கப்பட்டவை எல்லாம் போலி என்று யார் பார்த்தார்கள்? அதே ஆய்வாளர்கள் பத்து மாவட்டங்களில், 2016 முதல் 2018 வரை ரத்தான அட்டைகளில் ஒரு மாதிரியை எடுத்து, வீடு தேடிப் போனார்கள். ஏறத்தாழ 90 சதவீத அட்டைகளுக்குப் பின்னால் உண்மையான குடும்பங்கள் இருந்தன. அந்த அட்டைகளுக்குப் போகாத அரிசியையும் மிச்சக் கணக்கில் சேர்த்தால், ஏழை வீட்டு அடுப்பில் கைவைத்து எடுத்ததைத்தான் சேமிப்பு என்று எழுதுகிறோம்.

2017 செப்டம்பரில் அம்மாநிலத்தின் சிம்தேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். பட்டினி என்றது குடும்பம். மலேரியா என்றது நிர்வாகம். ஆதாருடன் இணைக்கவில்லை என்று அந்த வீட்டின் ரேஷன் அட்டை அதற்குச் சில மாதங்கள் முன்பே ரத்தாகியிருந்தது.

ரேகை விழாதவர்கள் ஏதோ ஒரு சிலர்தான் என்றும் சொல்கிறார்கள். 2018இல் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் ஆணையமே வைத்த விவரப்படி, தேசிய அளவில் கைரேகைச் சரிபார்ப்பில் தோல்வி 6 சதவீதம். அவற்றில் பல மறுமுயற்சியில் சரியாகலாம். ஆனால் திரும்பத் திரும்ப யாருக்கு விழாது? மண் சுமந்து, பாத்திரம் தேய்த்து, பீடி சுற்றி விரல் தேய்ந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும். ரேஷன் அரிசியை நம்பியே உலை வைக்கும் வீடுகளில் இருப்பவர்கள் இவர்கள்தான். சிக்னல் கிடைக்காத மலைக்கிராமத்தில் விரல் நன்றாக இருந்தும் பயனில்லை.

அப்படியானால் பழைய நோட்டுக் கணக்குக்கே திரும்புவதா என்ற கேள்வி வரும். தேவையில்லை. இதே ஆய்வாளர்கள் ஆந்திரத்தில் நூறு நாள் வேலைத் திட்டக் கூலியை ஸ்மார்ட் கார்டு வழியாகக் கொடுத்ததை ஆராய்ந்தபோது, கூலி விரைவாக வந்ததையும் கசிவு கணிசமாகக் குறைந்ததையும் கண்டார்கள். அங்கே கார்டு கிடைக்காதவர்களுக்குப் பழைய வழியில் கூலி தொடர்ந்தது; கதவு அடைக்கப்படவில்லை. சத்தீஸ்கர் 2004இல் ரேஷன் கடைகளைத் தனியாரிடமிருந்து எடுத்து ஊராட்சிகளுக்கும் கூட்டுறவுகளுக்கும் சுய உதவிக் குழுக்களுக்கும் கொடுத்தது. கிடங்கையும் லாரிகளையும் கணினிக் கண்காணிப்பில் கொண்டுவந்தது. 2004-05இல் பாதி அளவுக்கு இருந்த கசிவு 2009-10இல் சுமார் 10 சதவீதமாக இறங்கியது. சத்தீஸ்கரில் கருவி கண்காணித்தது பொருள் போகும் வழியை.

தமிழ்நாட்டில் பெரும்பாலான கடைகள் கூட்டுறவுச் சங்கங்களின் கையில் உள்ளன. அரிசி அட்டைக்கு வறுமைக்கோடு பார்ப்பதில்லை. 2017இல் ஸ்மார்ட் அட்டை வந்தபின், பில் போட்டதும் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. வாங்காத பருப்புக்கு மெசேஜ் வந்தது என்று மக்கள் புகார் சொல்வது அடிக்கடி செய்தியாகிறது. இந்தத் தொழில்நுட்பம் கடைக்காரரை மக்கள் கண்காணிக்க வழி செய்கிறது, அதனால்தான் அது மேலானது. ரேகை இங்கும் வந்துவிட்டது. கடைக்கு வர முடியாதவர்கள் வேறொருவரை நியமிக்கவும் வழி உண்டு. 2025 ஆகஸ்டில் தொடங்கியபோது தாயுமானவர் திட்டம் 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருளைக் கொண்டுபோனது.

சிம்தேகா மரணத்துக்குப் பிறகு, 2017 அக்டோபரில் மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது: ஆதார் இல்லை, ரேகை விழவில்லை என்று யாருக்கும் பொருளை மறுக்கக் கூடாது, விதிவிலக்காகக் கொடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேடு ஒவ்வொரு கடையிலும் இருக்கிறதா, அதில் மாதம் எத்தனை பெயர் ஏறுகிறது என்பதை மாவட்டவாரியாக வெளியிடட்டும். கருவி போட்ட பில்களின் எண்ணிக்கையைப் பெருமையாகக் காட்டும் அரசுகள், வெறும் பையோடு திரும்பியவர்களின் எண்ணிக்கையையும் அதே திரையில் காட்ட வேண்டும்.