பட்டம் வாங்கப் போனவள் பட்டம் விடக்கூடாதா?

பதிவு கொஞ்சம் நீளம். கடைசி வரை படித்துவிட்டு, அப்புறம் என்னோடு சண்டைக்கு வாருங்கள்.

என் அக்காவின் பேத்தி இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் மேல்படிப்புப் படிக்கிறாள். வயது 23. எனக்கும் அவள் பேத்திதான். அங்கே கடற்கரையில் பட்டம் இழுக்கிற மூன்று சக்கர வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறாள். அதைக் 'கைட் பக்கி' என்கிறார்கள். பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். நான் பட்டவண்டி என்றே எழுதுகிறேன். இந்தச் செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்ததிலிருந்து ஒரே அமளி. "டீச்சர் சொன்னா கேட்பா, நீங்க சொல்லி நிறுத்துங்க" என்று எனக்குத் தனியாக நாலு போன்.

நான் சொல்லப்போவதில்லை. ஏன் என்பதை, போன் செய்தவர்களும் செய்யாதவர்களும் ஒன்றாகத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அது என்ன வண்டி என்று தெரிந்துகொள்ளுங்கள். குழுவில் திட்டியவர்களில் பாதிப் பேர் அவள் வானத்தில் பறக்கப் போகிறாள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தரையை ஒட்டிய ஒரு இருக்கை, மூன்று சக்கரம். முன் சக்கரத்தை இரண்டு காலாலும் திருப்ப வேண்டும். இன்ஜின் கிடையாது, பெடல் கிடையாது. கையில் இருக்கிற பட்டத்தைக் காற்று இழுக்கும். பட்டம் வண்டியை இழுக்கும். இப்போது உலகெங்கும் ஓடுகிற மாதிரி வண்டியை 1990 வாக்கில் பரப்பியவர் நியூசிலாந்தின் பீட்டர் லின். ஆனால் யோசனை அவருக்கும் முந்தியது. 1826-லேயே பட்டம் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை வாங்கியவர் ஜார்ஜ் போகாக். அவர் யார் தெரியுமா? பிரிஸ்டலில் பள்ளிக்கூடம் நடத்திய வாத்தியார்! குதிரைக் கணக்குப் பார்த்துச் சுங்கம் வாங்கிய காலம் அது. இவர் வண்டியில் குதிரையே இல்லாததால் சுங்கச்சாவடியில் காசு கேட்க முடியவில்லையாம். திருப்பதி ரோட்டு டோல்கேட்டில் முணுமுணுக்கிற என் மாணவர்களுக்கு இந்தச் செய்தி பிடிக்கும்.

சரி, இப்போது உங்கள் ஆட்சேபணைகளுக்கு வருகிறேன்.

"உயிருக்கு ஆபத்து" என்பது முதல் ஆட்சேபணை. என் தம்பி ஒரு வீடியோவையும் அனுப்பினான். 2021 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டம் பருத்தித்துறையில் ஒரு பெரிய பட்டத்தின் கயிற்றைப் பலர் சேர்ந்து பிடித்திருக்கிறார்கள். மற்றவர்கள் கையை விட்டுவிட, ஒரு இளைஞர் மட்டும் கயிற்றோடு மேலே போய்விடுகிறார். பிறகு கீழே விழுந்து உயிர் பிழைத்தார். பார்த்தால் எனக்கும் குலை நடுங்குகிறது. ஆனால் அந்த வீடியோ என்ன பாடம் சொல்கிறது? பட்டத்தைத் தொடாதே என்றா? விட வேண்டிய நேரத்தில் விடத் தெரிந்திருக்க வேண்டும் என்றா?

பட்டவண்டி கற்பவர்களுக்கு முதல் பாடமே விடுவதுதான். முதல் நாள் வண்டியில் உட்கார வைக்கமாட்டார்கள். சின்னப் பட்டம் ஒன்றைக் கொடுத்து, இதமான காற்றில் தரையில் நிற்க வைப்பார்கள். அந்தப் பட்டத்துக்கு நான்கு கயிறு. மேலே இரண்டும் இழுவைக்கு, கீழே இரண்டும் பிரேக்குக்கு. மணிக்கட்டில் ஒரு பட்டை இருக்கும். அது பிரேக் கயிறுகளோடு சேர்ந்தது. கைப்பிடிகளை விட்டால் இழுவை போய், பட்டம் துவண்டு தரையில் விழுந்துவிடும். எப்படி ஓடுவது என்பதற்கு முன்னால் எப்படி நிற்பது என்று சொல்லித்தருகிறார்கள். இதைவிடப் பொறுப்பான பாடத்திட்டம் எது?

அடுத்த பாடம் காற்று. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், முன்னால் ஒரு பாதிக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி வானம். அதன் நடுவில், கீழ்ப்பக்கமாகப் பட்டம் வந்தால் இழுவை மிக அதிகம். தலைக்கு மேலும் இரு ஓரங்களிலும் இழுவை குறைவு. இதை உடம்பு பழகிய பிறகுதான் வண்டி. அப்போதும் காற்றோடு நேராக ஓடுவதில்லை. காற்றுக்குக் குறுக்கே போய்த் திரும்பி வர வேண்டும். நிறுத்துவதென்றால் பட்டத்தைத் தலைக்கு மேலே கொண்டுபோய், வண்டியைக் காற்றின் பக்கம் திருப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. 'அ' தெரியாமல் 'அம்மா' எழுத முடியாது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வரிசைதான்.

நம் வீட்டில் எப்படி? பதினைந்து வயதுப் பையன் கையில் பைக் சாவியைக் கொடுக்கிறோம். அவன் முதலில் கற்பது ஆக்ஸிலேட்டர். ஹெல்மெட் டேங்கின் மேல் சவாரி செய்கிறது. அரக்கோணம் ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே அவன் புகுந்து போவதை "நல்லா ஓட்டுறான்" என்று நாமே மெச்சிக்கொள்கிறோம். அந்தப் பையனுக்காக இந்தக் குழுவில் ஒருவரும் ஒரு வரி எழுதியதில்லை. ஹெல்மெட், கையுறை, கூடவே ஒரு பயிற்சியாளர் என்று முறையாகப் பழகுகிற பெண்ணுக்காக எல்லோருக்கும் பதறுகிறது. நீங்கள் பயப்படுவது ஆபத்தைப் பார்த்தா, பழக்கமில்லாததைப் பார்த்தா?

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. எலும்பு முறியலாம். இழுவையில் இருக்கும் கயிற்றை வெறும் கையால் பிடித்தால் விரல் அறுபடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தின் இழுவை நான்கு மடங்காகும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்ன நம் பாட்டிமார் இந்தக் கணக்கை அனுபவத்தில் அறிந்தவர்கள். பிரிஸ்டல் பக்கத்துக் கடலில் நீர் ஏறி இறங்கும் அளவு உலகத்திலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. நீர் வடிந்தால்தான் அகலமான மணல் கிடைக்கும். திரும்ப ஏறும் நேரம் தெரியாமல் அங்கே நிற்கக்கூடாது. சேறு எங்கே இருக்கிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். இத்தனையும் கற்றுக்கொள்ளக்கூடியவை. கற்றுக்கொடுக்காமல் "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால், பிள்ளைகள் நமக்குத் தெரியாமல் போவார்கள், கற்காமல் போவார்கள். அதுதான் நிஜமான ஆபத்து.

"பட்டம் என்றாலே கழுத்தறுப்பு" என்று இன்னொருவர். சென்னையில் மாஞ்சா நூல் எத்தனை குடும்பத்தை அழ வைத்திருக்கிறது என்பதை நான் மறக்கவில்லை. 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவையும் கண்ணாடித்தூள் பூசிய நூலையும் நாடு முழுவதும் தடை செய்தது சரிதான். ஆனால் கொன்றது நூலில் தடவிய கண்ணாடித்தூள், பட்டமல்ல. அடுத்தவன் பட்டத்தை அறுக்க வேண்டும் என்ற வெறியில் தடவியது அது. பட்டவண்டியில் யாரையும் அறுக்கிற போட்டி இல்லை. கத்தியால் குத்து நடக்கிறது என்று அடுப்பங்கரையில் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டோமா?

மூன்றாவது, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?" அந்த வாத்தியார் போகாக், 1824-ல் தன் மகள் மார்த்தாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துப் பட்டத்தால் 270 அடிக்கு மேல் தூக்கியதாகப் பதிவு இருக்கிறது. அந்த மார்த்தாதான் பின்னாளில் கிரிக்கெட் மேதை டபிள்யூ.ஜி. கிரேஸைப் பெற்ற தாய். அந்த அளவுக்குத் துணிய நான் யாரையும் கேட்கவில்லை. நம் பெண் தரையில்தான் ஓடுகிறாள். ஆனால் 200 வருடத்துக்கு முந்தைய அப்பாவுக்கு இருந்த நம்பிக்கையில் கால் பங்காவது நமக்கு வேண்டாமா? 365 படி ஏறி, வேல் பிடித்த முருகனிடம் "தைரியம் கொடு" என்று வேண்டுகிறோம். கீழே இறங்கியதும், தைரியம் வந்த பெண்ணிடம் "அடங்கி இரு" என்கிறோம்.

நான்காவதுதான் எனக்குக் கோபமே வந்தது. "பட்டம் வாங்கப் போனவ பட்டம் விடுறா" என்று ஒருவர் எழுத, பன்னிரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தீர்கள். சிலேடை நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஊர்த் தெலுங்கு வீடுகளில் பட்டத்தைக் 'காலிபடம்' என்பார்கள். 'காலி' என்றால் அங்கே காற்று. தமிழில் படித்தால் வெறுமை. நீங்கள் தமிழ் அர்த்தத்தில் பார்த்துவிட்டீர்கள். 2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேசப் பட்டத் திருவிழா தொடங்கியபோது, இதே குழுவில் எத்தனை செல்ஃபி வந்தது! வல்வெட்டித்துறையில் பொங்கலுக்கு ஏற்றும் ராட்சதப் பட்டங்களைப் பார்த்து "தமிழன்டா" என்று பகிர்ந்தவர்களும் நீங்கள்தான். ஊரார் விட்டால் திருவிழா, நம் வீட்டுப் பெண் விட்டால் வெட்டி வேலையா?

உண்மையில் உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். அவள் விழுகிறாள், தடுமாறுகிறாள், அதை மறைக்காமல் எல்லோருக்கும் காட்டுகிறாள். நம் வீடுகளில் பத்து வயதைத் தாண்டிய யாருக்கும் 'தெரியாது' என்று சொல்ல உரிமை இல்லை. முதல் முயற்சியிலேயே முதல் மார்க் வர வேண்டும். வராது என்றால் தொடவே கூடாது. வகுப்பில் கை தூக்காமல் உட்கார்ந்திருந்த கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் வருடா வருடம் பார்த்திருக்கிறேன். விடை தெரியாததால் அல்ல, தப்பாகிவிட்டால் சிரிப்பார்களே என்றுதான் அந்தக் கை எழவில்லை. சிரித்தது யார்? இப்போது பொம்மை போட்டு சிரிக்கிற நாம்தான். இருபத்து மூன்று வயதில் ஒரு பெண் புதிதாக ஒன்றில் 'ஒன்றாம் வகுப்பு' சேர்ந்திருக்கிறாள் என்றால், அதைவிட நல்ல செய்தி ஒரு டீச்சருக்கு வேறென்ன?

அவள் அம்மாவுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கண்ணு, உன் பயம் நியாயம். பிள்ளை கடல் கடந்து இருக்கும்போது தாய்க்குத் தூக்கம் வராது. ஆனால் "போகாதே" என்று சொல்லாதே; கேள். இன்றைக்குக் காற்று எவ்வளவு? அதற்கு ஏற்ற அளவுப் பட்டம்தானா? கூட யார் இருக்கிறார்கள்? கடல் ஏறுவது எத்தனை மணிக்கு? அந்தக் கடற்கரையில் வண்டி ஓட்ட அனுமதியும் இன்சூரன்ஸும் இருக்கிறதா? இந்த ஐந்து கேள்விக்கும் அவள் பதில் சொன்னால் நிம்மதியாகத் தூங்கு. ஏதாவது ஒன்றுக்குத் திணறினால், அன்றைக்குப் போக வேண்டாம் என்று சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு.

திருத்தணியிலும் சுற்று வட்டாரத்திலும் இருக்கிற என் மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்று உங்களில் பலர் அப்பா, அம்மா, சிலர் ஆசிரியர்கள். விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு காகிதமும் இரண்டு ஈர்க்குச்சியும் வெறும் பருத்தி நூலும் வாங்கிக் கொடுங்கள். மின்கம்பியும் சாலையும் இல்லாத வெட்டவெளிக்குக் கூட்டிப் போங்கள். மொட்டைமாடி வேண்டவே வேண்டாம். பட்டம் ஏன் ஏறுகிறது, வால் எதற்கு, நூலை எப்போது விட வேண்டும், எப்போது இழுக்க வேண்டும் என்று கேளுங்கள். முதலில் பத்து தடவை குட்டிக்கரணம் போடும். போடட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், நூலைப் பிடுங்காதீர்கள்.

மறுப்பு இருப்பவர்கள் கீழே எழுதலாம், பதில் சொல்கிறேன். சிரிப்புப் பொம்மை மட்டும் போடுகிறவர்கள் வகுப்புக்கு வெளியே நிற்கவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், திருத்தணி