கை போனா "கவனக்குறைவு"! மெஷின் செய்தவனுக்குப் பொறுப்பே கிடையாதா?



நம்ம இராமநாதபுரம் சீமையில் ரெண்டு வருசம் தரிசு போட்டால் வயல் கருவேலங்காடு. விதைப்புக்கு முன்னால் முதல் வேலை அதை வெட்டுவது. அரிவாளும் கோடாலியும் போன காலம் போய், இன்று கமுதி, முதுகுளத்தூர், கடலாடி, திருவாடானை எங்கும் மரம் அறுக்கும் மெஷின் சத்தம்தான். கரிமூட்டத்துக்கு விறகு அறுப்பதும் அதுதான்.

மெஷின் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கூலிக்கு ஆள் கிடைக்காத ஊரில் மெஷின் வேணும். ஆனால் ஒருத்தன் கையோ காலோ போனால் பொறுப்பு யாருக்கு?

பதில் எப்போதும் தயார். "பார்த்து வேலை செஞ்சிருக்கணும்." விற்றவர் சொல்றார், கம்பெனி சொல்லுது. ஏன், நாமே சொல்றோம்!

கருவேல மரம் அடியிலேயே பல கிளையாகப் பிரிந்து நிற்கும். ஒரு கிளையை அறுக்கும்போது பிளேடு நுனி பின்னால் நிற்கும் கிளையில் பட்டால், மெஷின் கண் இமைக்கும் நேரத்தில் அறுப்பவர் முகத்தைப் பார்த்து எகிறும். எவ்வளவு நிதானமான ஆளாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. அதற்காகத்தான் கைப்பிடிக்கு முன்னால் பிரேக் வைத்தார்கள். மெஷின் எகிறினால் சங்கிலி உடனே நிற்கும். அந்த பிரேக் இல்லாத மெஷினை, தமிழில் ஒரு வரி எச்சரிக்கை கூட இல்லாமல் நம் தலையில் கட்டுகிறவன் செய்வதும் கவனக்குறைவு தானா?

தோழர்களே! இது புதுக் கதை இல்லை. பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேசத்தில் கதிரடிக்கும் மெஷினில் ஏராளமான கூலித் தொழிலாளர்கள் கை இழந்தார்கள். அதன் பிறகுதான் 1983-இல் நாடாளுமன்றம் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. செய்பவனுக்கும் விற்பவனுக்கும் உரிமம் வேண்டும், அடிபட்டவனுக்கு இழப்பீடு வேண்டும் என்றது. ஐ.எஸ். 9020 என்ற தரவிதியோ, கதிர் ஊட்டும் வாய் குறைந்தது 90 செ.மீ. நீளம், அதில் 45 செ.மீ. மூடியிருக்க வேண்டும் என்றது. ஏன்? கையை நீட்டினாலும் உருளையை எட்டக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் நிற்பவன் கையும் தப்ப வேண்டும்! மனுசன் களைத்துப் போவான், தவறு செய்வான் என்று தெரிந்தே மெஷினைச் செய்வதுதான் பாதுகாப்பு.

அமெரிக்காவில் மேஜை ரம்பத்தில் கை சிதைந்த ஒரு தரை போடும் தொழிலாளி வழக்குப் போட்டார். விரல் பட்டதும் பிளேடை நிறுத்தும் தொழில்நுட்பம் இருந்தும் கம்பெனி வைக்கவில்லை என்பது வாதம். 2010-இல் 15 லட்சம் டாலர் தரச் சொல்லித் தீர்ப்பு. 2011-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

நமக்கும் சட்டம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மெஷினின் அமைப்பில் குறை இருந்தாலும், போதுமான எச்சரிக்கை தராவிட்டாலும் தயாரித்தவன் பொறுப்பு. தயாரித்தவன் யாரென்றே தெரியாத மெஷின் என்றால் விற்றவர் பொறுப்பு. பிழைப்புக்காக வாங்கிய மெஷின் என்றால் இராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்தில் 2 வருசத்துக்குள் மனுக் கொடுக்கலாம். மெஷின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை.

ஆனால் நம் பக்கமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "வேலை ஓடலை" என்று காப்புத் தகட்டைக் கழற்றி எறிகிறோம். மாற்றியமைத்த பொருளுக்கு விற்றவர் மீது வழக்குப் போட முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது. காப்பைக் கழற்றினால் கையும் போகும், வழக்கும் போகும். கூலிக்கு வரும் ஆளிடம் காப்பில்லாத மெஷினைக் கொடுக்கும் விவசாயியும் குற்றவாளிதான். பில் இல்லாமல் வாங்காதீர்கள். விபத்து நடந்தால் மெஷினைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள், அதுதான் சாட்சி.

வேளாண்மைப் பொறியியல் துறை சிறு, குறு விவசாயிக்கு 50 சதவீதம் வரை மானியம் தருகிறது. நம் வரிப்பணத்தில் வரும் மெஷின் நம் கையை வெட்டலாமா?

அரசே!
* காப்பும் பிரேக்கும் தமிழ்க் கையேடும் இல்லாத மெஷினுக்கு மானியம் தராதே!
* பிரேக் இல்லாத மரம் அறுக்கும் மெஷின் விற்பனையைத் தடை செய்!
* கதிரடிக்கும் மெஷினுக்குக் கொண்டுவந்த உரிமத்தையும் இழப்பீட்டையும் மரம் அறுக்கும், புல் வெட்டும் மெஷின்களுக்கும் கொண்டு வா!
* ஓட்டும் ஆளுக்குப் பயிற்சியும் தலைக்கவசமும் கொடு!

கிராம சபையில் தீர்மானம் போடுவோம்! கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மாதா மாதம் கேட்போம்! கை நம்முடையது, கணக்குக் கேட்கும் உரிமையும் நம்முடையது!